ஏற்றுமதியாகப் பார்த்த என் மேல்தாடை

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மேல்தாடையின் இடது பாதி ஒரு மதியம் ஏற்றுமதிச் சரக்காக இருந்தது. அட்டைப் பெட்டிக்குள் போய், டேப் ஒட்டி, போய்ச் சேர வேண்டிய நாட்டின் பெயர் போட்ட ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற லாரி சாயங்காலம் வருவதாக இருந்தது. இதற்குக் காரணம் எதிரியும் இல்லை, ஏழரைச் சனியும் இல்லை. அந்தச் சரக்கை அனுப்புகிற ஃபேக்டரியின் குவாலிட்டி மேனேஜர்தான். அவன் பெயர் தங்கவேல். அதாவது நான்.

இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பூரில் அடுத்தவர் தைத்ததில் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்கிறவன். அனுப்பர்பாளையம் பக்கம் இருக்கிற எங்கள் ஃபேக்டரியில் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு மட்டும்தான் தைக்கிறோம். குழந்தைத் துணி என்றால் கெடுபிடி அதிகம். அந்தக் கெடுபிடிக்கு ஒரு தொண்டை வேண்டும். அது என்னிடம் இருந்தது. செக்கிங் டேபிளில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால் கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் எழுந்து நிற்பார். (தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து நிற்பார்.)

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேல்வாயில் இடது பக்கம் ஒரு வீக்கம் வந்தது. சொத்தைப் பல் என்று நானே முடிவு செய்து, கிராம்பு வைத்து அடக்கப் பார்த்தேன். (ஊரான் துணியில் அரை மில்லிமீட்டர் பிசகைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, தன் வாயில் நெல்லிக்காய் அளவு வளர்ந்ததைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று.) கோயமுத்தூரில் காட்டியபோது, கெட்ட கட்டி இல்லை, ஆனால் விட்டால் எலும்பைத் தின்றுகொண்டே போகும் என்றார்கள். அறுவை செய்து, இடது பக்க மேல்தாடையில் ஒரு பகுதியையும் அதிலிருந்த பற்களையும் அண்ணத்தில் பாதியையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று என் மனைவி சாந்தாமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். எனக்கும் அழ ஆசைதான். வாய் நிறையப் பஞ்சு அடைத்திருந்தார்கள்.

அண்ணம் என்பது வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற கூரை. இருக்கிற வரைக்கும் அதன் அருமை யாருக்கும் தெரியாது. அதில் ஓட்டை விழுந்தால் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியாக வந்து சட்டையில் விழும். பேச்சு முழுக்க மூக்குக்குள் ஏறிவிடும். நான் என்னதான் திருத்தமாகப் பேசினாலும் வெளியே வருவது ஒரு நீளமான முக்கல் மட்டும்தான். புண் ஆறும் வரைக்கும் ஒரு தற்காலிகத் தட்டு கொடுத்திருந்தார்கள். பேச வாயைத் திறந்தால் அது ஒரு பக்கம் நழுவும், மென்றால் இன்னொரு பக்கம் நழுவும். பாதி நேரம் கழற்றித்தான் வைத்திருப்பேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் கவிநிலா, "எழுதிக் காட்டிருங்கப்பா" என்று நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

சாந்தாமணிக்கு மட்டும் நோட்டு தேவைப்படவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்தே நான் முக்குவது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. பார்க்க வருகிறவர்களிடம் அவளே எனக்காகப் பேசினாள். நான் நாலு வார்த்தை முக்கினால் அவள் எட்டு வார்த்தை சொல்வாள். மிச்ச நாலும் நான் நினைத்ததாகவே இருக்கும், அதுதான் ஆச்சரியம்.

புண் நன்றாக ஆறியதும் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அறுத்து எடுத்த இடத்துக்குச் செயற்கையாகத் தாடை செய்து பொருத்துவதுதான் அவர் வேலை. வயசு சின்னது, பொறுமை பெரியது. மாவு மாதிரி ஒன்றைக் குழைத்து வாயில் வைத்து அச்சு எடுத்தார், மெழுகில் செய்து பார்த்தார், மறுபடி அச்சு எடுத்தார். ரோஸ் நிறத்தில் ஒரு தட்டு, அதில் ஐந்து பல், ஓட்டையை அடைக்க மேல்பக்கம் ஒரு உருண்ட மேடு, மிச்சப் பற்களைக் கவ்விக்கொள்ள இரண்டு கம்பிக் கொக்கி. இவ்வளவுதான் தட்டு. ஆனால் அது சரியாக உட்கார மூன்று மாதம் ஆயிற்று.

நான் சும்மா இருப்பேனா? சாம்பிள் பார்த்துவிட்டு பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்புகிற கமெண்ட் மாதிரி ஒவ்வொரு தடவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். இடது ஓரம் உரசுகிறது. பின்பக்கம் லூஸ். இரண்டாவது பல் பக்கத்துப் பல்லைவிட வெளுப்பு, ஷேடு மேட்ச் ஆகவில்லை. மூன்றாவது தாளைப் படித்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்து, "சார், இதாவது அப்ரூவ்டா, இல்ல இன்னொரு சாம்பிள் போடணுமா?" என்று கேட்டார். சாந்தாமணி அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அதோடு வீட்டுப் பயிற்சி வேறு. வாய் இறுகிப்போகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து வாயை அகட்டிப் பழக வேண்டும். சில நாளுக்கு ஒரு குச்சி கூடும். பேச்சு தெளிய, தினமும் சத்தமாக எதையாவது வாசிக்கச் சொன்னார்கள். நான் பையர் கொடுத்த பேக்கிங் மேனுவலை வாசித்தேன். (திருமுருகன்பூண்டியில் எங்கள் தெருவில் அந்த வருஷம், அட்டைப் பெட்டிக்கு எத்தனை சுற்று டேப் ஒட்ட வேண்டும் என்பது தெரியாத ஆளே இல்லை.) தட்டு சரியாக உட்கார்ந்த அன்று அதை மாட்டிக்கொண்டு "சாந்தாமணி" என்று கூப்பிட்டேன். பெயர் முழுசாக வெளியே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள், "கூப்புட்டீங்கல்ல, என்ன வேணும்ங்க?" என்று கேட்டாள். வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

ஃபேக்டரிக்குத் திரும்பினேன். பல் ஆபரேஷன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். தட்டு விஷயம் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் விடமாட்டேன் என்று சபதம். மதியம் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன். சத்தம் போடுகிற தங்கவேல் என்று பெயர் வாங்கியவன், முக்குகிற தங்கவேல் என்று பெயர் மாறுவதைவிட வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். (வீராப்பு அவ்வளவு. வேறு வேலை என்ன தெரியும் என்று மட்டும் யோசிக்கவில்லை.)

இந்த இடத்தில் பேக்கிங் ஹாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தைக்கும்போது ஊசி முனை ஒடிந்து துணிக்குள் தங்கிவிட்டால் குழந்தையின் உடம்பில் குத்தும். அதனால் ஒவ்வொரு உருப்படியும் நீடில் டிடெக்டர் என்ற மெஷினுக்குள் போய் வர வேண்டும். ஓடுகிற பெல்ட், நடுவில் ஒரு சின்னக் குகை. உள்ளே இரும்பு இருந்தால் கத்தும், பெல்ட் நின்றுவிடும். அந்த ஹாலுக்குள் ஊக்கு, ஹேர்பின், பிளேடு, ஸ்டேப்ளர், பேனா எதுவும் வரக் கூடாது. இதெல்லாம் என் உத்தரவு. பேக்கிங் சூப்பர்வைசர் மாரீஸ்வரி சங்கரன்கோவில் பக்கத்துக்காரம்மா, யாருக்கும் அசராத ஆள். அவரையே ஒரு ஹேர்பின்னுக்காக வாசலில் நிற்க வைத்திருக்கிறேன்.

அந்த வாரம், பையருக்காக இங்கே சரக்கைச் சோதிக்கிற பையிங் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்தது. இனிமேல் இன்ஸ்பெக்டர் வரும்போது கையடக்க டிடெக்டர் கொண்டு வருவார், ஹாலுக்குள் நுழைகிற எல்லோரையும் தலை முதல் கால் வரை தடவிப் பார்ப்பார், மேனேஜர்களும் விதிவிலக்கு இல்லை. என் வாய்க்குள் இரண்டு கம்பிக் கொக்கி இருக்கிறதே. முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கருவி என் கன்னத்துக்கு நேராக வந்து கத்தினால் என்ன ஆகும் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் திருப்பூர்க்காரன் எதையும் சாம்பிள் ஓட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டான். தட்டையே மெஷினில் விட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஹால் காலி. வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாயிலிருந்து தட்டைக் கழற்றினேன். வெறுமனே பெல்ட்டில் வைத்தால் புரண்டு விழுந்து உடைந்துபோகும். பக்கத்தில் மடித்து வைத்திருந்த ஒரு ரோம்பரை எடுத்தேன். (கைக்குழந்தைக்குக் கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே துணியாகப் போடுவதுதான் ரோம்பர்.) மஞ்சள் நிறம், வாத்துப் படம், மூன்று மாதக் குழந்தை சைஸ். அதன் வயிற்றுக்குள் தட்டைப் பதமாகச் செருகி, ஈரம் பெல்ட்டில் படக் கூடாதே என்று பாலிபேக்கிலும் போட்டேன். உருப்படியை எப்படிப் பேக் செய்ய வேண்டுமோ அப்படியே அட்சர சுத்தமாகப் பேக் செய்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைக் கழற்றி வைத்துக் கெட்டேன்.

மெஷினைப் போட்டேன். ரோம்பர் குகைக்குள் போயிற்று. சத்தமே இல்லை. அந்தப் பக்கம் வெளியே வந்தது. அந்தக் கம்பி காந்தத்தில் ஒட்டாத வகையாம், மெஷின் அதைக் கண்டுகொள்ளாதாம், இது பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போதைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் கை இரண்டையும் தட்டிக்கொண்டேன். ரோம்பர் பெல்ட்டின் முனையிலிருந்து வழுக்கி, பாஸான உருப்படிகள் கிடக்கிற பெரிய கூடைக்குள் விழுந்தது. கூடையில் ஏற்கெனவே நூறு மஞ்சள் ரோம்பர் கிடந்தது. நான் மெஷினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்குள் கதவு திறந்தது.

எங்கள் முதலாளி, பக்கத்தில் இன்ஸ்பெக்டர் விக்னேஷ், பின்னால் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு வந்த மாரீஸ்வரியும் பேக்கிங் பெண்களும். விக்னேஷ் சென்னைப் பையன், பயங்கர மரியாதைக்காரன். வேறொரு ஃபேக்டரியில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம், நேராக இங்கே வந்துவிட்டானாம். முதலாளி என்னைப் பார்த்து, தம்பி நேரமே வந்துவிட்டார், வாங்க தங்கவேலு, ஆபீஸில் உட்கார்ந்து ஃபைலைக் காட்டிவிடலாம் என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் திருடனுக்காவது வாயைத் திறந்தால் தமிழ் வரும். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு கும்பிடு போட்டேன். விக்னேஷ் சங்கடத்தோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கையடக்கக் கருவியால் என்னைத் தலை முதல் கால் வரை தடவினான். கருவி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. "சார் ரொம்ப கிளீன்" என்றான்.

தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, சத்தம் வரவில்லை என்று ஜாடை செய்தேன். முதலாளிக்கு என் மேல் தனிப் பிரியம். தொண்டைக்கட்டுக்குச் சூடாக ஏதாவது குடித்தால் சரியாகிவிடும் என்று என் தோளில் கை போட்டு ஆபீஸுக்குக் கூட்டிப் போனார். திரும்பிப் பார்த்தேன். மாரீஸ்வரி கூடையைப் பேக்கிங் டேபிள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் இஞ்சி டீ வந்தது. நான் தொடவில்லை. முதலாளி குடிங்க என்றார். தலையை ஆட்டினேன். "அட குடிங்க தங்கவேலு, நாஞ் சொல்றனல்ல" என்று டம்ளரை எடுத்துக் கையிலேயே கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் மறுக்க முடியாது. ஒரு மிடறு குடித்தேன். அந்த மிடறு வயிற்றுக்குப் போகவில்லை. இரண்டு மூக்குத் துவாரம் வழியாகவும் சூடாக இறங்கி, விக்னேஷ் விரித்து வைத்திருந்த ஃபைலில் விழுந்தது. அவன் டிஷ்யூ எடுத்து முதலில் என்னிடம் கொடுத்தான், பிறகு ஃபைலைத் துடைத்தான். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. இருமல் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டே எழுந்து பேக்கிங் ஹாலுக்கு ஓடினேன்.

கூடை காலியாகக் கிடந்தது.

மாரீஸ்வரியின் கூட்டத்துக்கு வேகம் அதிகம், அதற்காக நானே ஒரு தடவை பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சுவரோரம் அடுக்கிய பெட்டிகள் கூரையைத் தொட்டன. அதில் ஏதோ ஒன்றுக்குள் என் தாடை இருந்தது. சாயங்காலம் லாரி வந்தால் கப்பல் ஏறிவிடும். மறுபடியும் அச்சு, மெழுகு, மூன்று மாத முக்கல், மூக்கில் வழிகிற தண்ணீர். அதுகூடப் பரவாயில்லை. ஏதோ ஒரு ஊரில் ஒரு தாய் ஆசையாகப் பாக்கெட்டைப் பிரித்து, பிள்ளைக்குப் போட ரோம்பரை உதறும்போது என் ஐந்து பல்லும் தொப்பென்று தொட்டிலில் விழும். பையர் போவார், ஃபேக்டரி போகும், முப்பது பெண்களின் வேலையும் போகும். வாயைத் திறந்தால் போகப்போவது என் மானம் மட்டும்தான். திறக்காமல் இருக்க வழியே இல்லை. அப்படியும் கொஞ்ச நேரம் நின்றேன், அதை மறைக்க மாட்டேன்.

பிறகு வாயைத் திறந்து, பெட்டிகளைக் காட்டி, நிறுத்துங்கள், என் தட்டு உள்ளே போய்விட்டது என்று கத்தினேன்.

என்ன வெளியே வந்தது என்பதை அவர்கள் முகத்தில் பார்த்தேன். ஹால் அப்படியே நின்றது. ஒருத்தி டேப்பைக் கீழே போட்டாள். மாரீஸ்வரி ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்.

"ஏட்டி, பிடிங்க பிடிங்க, சாருக்கு வாய் இழுத்துக்கிட்டு. கையில ஏதாச்சும் இரும்பக் குடுங்க."

வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்கிற பழக்கம் தெரிந்ததுதானே. முப்பது பேரும் இரும்பு தேடினார்கள். என் உத்தரவின் பேரில் அந்த ஹாலில் ஒரு குண்டூசி கிடையாது. கடைசியில் ஒருத்தி மர ஸ்கேலைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். அதற்குள் பின்னாலேயே வந்துவிட்ட விக்னேஷிடமிருந்து இன்னொருத்தி அந்தக் கையடக்க டிடெக்டரைப் பிடுங்கி மறு கையில் வைத்து அமுக்கினாள். நான் இல்லை, இல்லை என்று முக்கினேன். முக்க முக்க இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மகளும் அதைத்தான் கேட்கிறாள். இரண்டு கையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியம், பேனாவை நான்தான் தடை செய்திருந்தேன்.

முதலாளி மூச்சிரைக்க வந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். மாரீஸ்வரி அதற்கு முன்னால் வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று சாந்தாமணியைப் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். அக்கா, பதறாதீங்க, சாருக்குப் பேச்சு போயிட்டு என்று ஆரம்பித்தார். நான் போனைப் பார்த்துக் கத்தினேன். மெஷின், ரோம்பர், வயிறு, பெட்டி, லாரி, முதலாளி கொடுத்த டீ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முக்கித் தீர்த்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. பிறகு சாந்தாமணி பேசினாள், காய்கறிக்காரரிடம் பேசுகிற அதே குரலில்.

"எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லீங்க அக்கா. அவரு நல்லாத்தான் பேசறாரு. வாயில மாட்டற பல்லுத் தட்ட ஒரு கொழந்தத் துணிக்குள்ள வெச்சு மெசின்ல உட்டாராமா. அது பொட்டிக்குள்ள போயிருச்சாமுங்க. லாரி வாரதுக்குள்ள எடுக்கோணும்ங்கறாரு."

கையைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள். இத்தனை மாதம் கதவைச் சாத்திக் காப்பாற்றிய ரகசியம், நான் வீட்டில் சாம்பாரைப் பற்றிக் குறை சொன்ன மாதிரி சாதாரணமாக அந்த ஹாலில் விழுந்துவிட்டது. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

விக்னேஷ்தான் முதலில் சுதாரித்தான். போனுக்குக் கிட்டே வந்து, மேடம், எந்த சைஸ், எந்தக் கலர், எத்தனை மணிக்கு என்று சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றான். நான் முக்கினேன், அவள் சொன்னாள், அவன் குறித்துக்கொண்டான். மூன்று மாத சைஸ், மஞ்சள், வாத்துப் படம், லஞ்ச் நேரம். இன்ஸ்பெக்ஷன் இவ்வளவு தெளிவாக நடந்து நான் பார்த்ததில்லை. நடுவில் நான் இன்னொன்றும் சொன்னேன். அதற்கு அவள், "அதெல்லாம் இப்ப வேண்டாம்ங்க" என்று முடித்துவிட்டாள். சார் என்ன சொல்கிறார் என்று முதலாளி அக்கறையாகக் கேட்டார். "டீ குடுத்தவிங்களத் திட்டறாருங்க" என்றாள் சாந்தாமணி.

அப்போதுதான் சிரித்தார்கள். முதலில் மாரீஸ்வரி, பிறகு முதலாளி, பிறகு ஹால் முழுக்க. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் மூக்கு வழியாகத்தான் வந்தது, அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள்.

ஊசி ஒடிந்தால் என்ன முறையோ அதையே செய்வோம் என்றான் விக்னேஷ். லஞ்சுக்குப் பிறகு மூடிய பெட்டிகளை மட்டும் தனியே எடுத்தார்கள். எல்லா டேபிளிலுமாகச் சேர்த்து மொத்தம் பதினெட்டு. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம், ஒரே உருப்படி போட்ட பெட்டிகள் ஒரே எடைதானே வரும் என்று மாரீஸ்வரி தராசில் ஏற்றினார். இரண்டு பெட்டி மட்டும் கொஞ்சம் கனம் காட்டின. முதல் பெட்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் மாரீஸ்வரி ஒவ்வொரு பாக்கெட்டாக வயிற்றில் கை வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார். பாதியில் நின்றார்.

"சார், இந்தப் பிள்ள மாசமா இருக்கு."

அவர் இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிக்கொண்டு போய்க் குடிதண்ணீர்க் குழாயில் அலசி, நாலு தடவை அலசி, அங்கேயே மாட்டினேன். கொக்கி கவ்வியது. ஓட்டை அடைபட்டு வாய் வாயாயிற்று. திரும்பி வந்தபோது எல்லோரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அந்த ரோம்பர ரிஜெக்ட்ல போடுங்க" என்றேன்.

வழக்கமான சத்தத்தில்தான் வந்தது. கைதட்டினார்கள். எனக்கு அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை, தட்டு இருந்தும்.

ஊசி ஒடிந்தால் எழுதுகிற ரெஜிஸ்டரில் விக்னேஷ் இதையும் எழுதினான். கிடைத்த பொருள், பல் தட்டு. ஒடிந்த துண்டுகள் அனைத்தும் கிடைத்தனவா என்ற கட்டத்தில், முழுசாகக் கிடைத்தது, உரிமையாளர் மாட்டிக்கொண்டார் என்று போட்டான். அந்தக் கூடையில் கிடந்த உருப்படிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு வேறு வைத்தோம். லாரி கொஞ்சம் தாமதமாகப் புறப்பட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் என் அறைக் கதவைச் சாத்தப் போனபோது மாரீஸ்வரி டிபன் பாக்ஸோடு வந்து நின்று, இன்னும் என்னத்துக்கு சார் அது என்றார். அன்றிலிருந்து அவர்களோடுதான் சாப்பிடுகிறேன். ஆயுத பூஜைக்கு ஃபேக்டரிக்குக் குடும்பத்தோடு போனபோது, மெஷின்களுக்குச் சந்தனம் வைக்கிறதைவிட்டு எல்லோரும் சாந்தாமணியைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சின்னத் துணிப்பை தைத்து வைத்திருந்தார்கள், தட்டைக் கழற்றினால் போட்டுவைக்க. அதில் முறைப்படி ஒரு வாஷ்கேர் லேபிள். கையால் மட்டும் அலசவும். வெந்நீர் கூடாது. இஸ்திரி போடக் கூடாது. பேச்சு புரியாவிட்டால் சாந்தாமணி அக்காவைக் கூப்பிடவும்.

சாந்தாமணிக்கு அதில் தனிப் பெருமை. அதிலிருந்து வீட்டில் நான் எதையாவது மழுப்பினால், மாத்திரை போட்டாச்சு என்றோ, செக்கப்புக்கு அப்புறம் போகலாம் என்றோ சொன்னால், "தட்டக் கழட்டிட்டுச் சொல்லுங்க, அப்பத்தான் எனக்கு நல்லாப் புரியும்" என்பாள். கழற்றிவிட்டால் எனக்குப் பொய் வருவதில்லை, என்ன காரணமோ தெரியவில்லை.

போன தை மாதம் கவிநிலாவுக்கு உப்புச் சக்கரை மாற்றினோம். எங்கள் பக்கத்தில் அதுதான் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெண் போகிற இடத்தில் சந்தோஷமாக இருந்தால் போதும், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று கணீரென்று பேசினேன். சபை தலையாட்டியது. சாந்தாமணி மட்டும் பக்கத்தில் வந்து, தட்டைக் கழற்றிவிட்டுச் சொல்லச் சொன்னாள். எல்லோருக்கும் கதை தெரியும், ஒரே சிரிப்பு. வேடிக்கைக்குத்தானே என்று திரும்பி நின்று கழற்றினேன். அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. நாலு வார்த்தைதான் முக்கினேன்.

சாந்தாமணி சபைக்குச் சொல்லும் முன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ளைய உட்டுப்போட்டு இருக்க முடியாதாமுங்க அவருக்கு. வாராவாரம் கூட்டிட்டு வரோணுமாம்."

கவிநிலா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் முடிந்து இப்போது மாப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். வேலை இருந்தால் சிரமப்பட வேண்டாம் மாப்பிள்ளை, அடுத்த வாரம் வந்தால் போதும் என்று நான் போனில் பெருந்தன்மையாகச் சொல்வேன். அவர் எனக்குப் பதில் சொல்வதே இல்லை. போனை சாந்தாமணியிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்.

"அத்தை, மாமா இதத் தட்டோட சொல்றாருங்களா, தட்டில்லாம சொல்றாருங்களா?"